சம்பாதிக்கத் தொடங்கியதும் சாதகத்தில் மனம் ஒட்டவில்லை

கேள்வி: டோம்பிவிலி மிருதங்கம்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 19, பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒன்பது ஆண்டுகளாக மும்பை மாடுங்காவில் ஓர் ஆசிரியரிடம் மிருதங்கம் கற்று வருகிறேன். சென்ற ஆண்டு முதல் இரண்டு பரதநாட்டிய வகுப்புகளுக்கு வாசிப்பதாலும், மூன்று சிறுவர்களுக்குப் பாடம் சொல்லித் தருவதாலும் மாதம் ஏழாயிரம் ரூபாய் வரை வருகிறது. என்னிடம் இருப்பது உச்ச ஸ்ருதி, அதாவது உயர்ந்த சுருதி, மிருதங்கம் ஒன்றுதான். ஆண் பாடகர்களுக்கு வாசிக்கத் தக்கு ஸ்ருதியில், அதாவது தாழ்ந்த சுருதியில், ஒன்று வாங்க வேண்டும், மார்கழியில் பத்து நாள் சென்னையில் தங்கிக் கச்சேரி கேட்க வேண்டும் என்ற இரண்டே ஆசைகள். ஆனால் இருபதாம் தேதிக்குள் கை காலியாகி விடுகிறது; எங்கே போயிற்று என்று பார்த்தால் யுபிஐ பட்டியலில் வடாபாவும் ஆட்டோவும்தான் வரிசையாக நிற்கின்றன.

அதைவிட மனத்தை அரிப்பது வேறொன்று. முன்பெல்லாம் ஒரு கோர்வை (முடிவில் வாசிக்கும் கணக்குத் தொடர்) பிசகாமல் சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டில், வந்து விழுந்தால், மாடுங்காவிலிருந்து டோம்பிவிலி வரை ரயிலில் நின்றபடியே தொடையில் தட்டிக்கொண்டு வருவேன். இப்போது சாதகத்துக்கு, அதாவது தனியே செய்யும் பயிற்சிக்கு, உட்கார்ந்தால் மறுநாள் நாட்டிய வகுப்பில் வாசிக்க வேண்டிய ஜதிதான் (ஆட்டத்துக்கான சொற்கட்டு) கைக்கு வருகிறது. சேமிப்பும் மகிழ்ச்சியும் இரண்டு தனிக் கேள்விகளா என்றே எனக்குத் தெரியவில்லை.

பதில்: செம்பூர் வீணை

தம்பிக்கு ஆசிகள். நான் வங்கியில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள். வீணை கற்கத் தொடங்கியதே நாற்பது வயதில்தான். செலவு போக மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்று நினைப்பவருக்கு எதுவும் மிஞ்சாது என்பதைக் கவுண்டரின் இந்தப் பக்கம் உட்கார்ந்து நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களுக்குப் பணம் ஐந்தாம் தேதி வருகிறதென்றால், ஆறாம் தேதி ஆயிரம் ரூபாய் தானாகவே பிடிக்கப்படும்படி வங்கியில் ஓராண்டுத் தொடர் வைப்பு, அதாவது ஆர்.டி., தொடங்கி விடுங்கள். இந்த ஜனவரியில் தொடங்கினால் அடுத்த ஜனவரியில்தான் முதிரும், மார்கழி பாதி போய்விடும். ஆகவே நவம்பரில் முதிரும்படி மாதக் கணக்கைப் பின்னோக்கி எண்ணி, அதற்கேற்ற தவணைக் காலத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். அஞ்சலக ஆர்.டி. மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்கலாம் என்றாலும் அது 5 ஆண்டுத் திட்டம். 12 தவணை கட்டிய பிறகு, கட்டியதில் பாதி வரை கடனாக எடுக்கலாம். மிருதங்கத்துக்கு வேண்டுமானால் அது பொருந்தும், சென்னைப் பயணத்துக்குப் பொருந்தாது.

வடாபாவை நிறுத்தச் சொல்ல மாட்டேன். பசியோடு வாசிக்க முடியாது.

பதில்: முலுண்ட் பக்கவாத்தியம்

அம்மா சொன்ன ஆயிரத்தோடு இன்னொரு ஐந்நூறையும் தனியே வையுங்கள். அது வாத்தியத்தின் பங்கு. புதுக் கட்டைக்கு, அதாவது புது மிருதங்கத்துக்கு, ஆசைப்படும் நாம், இருக்கும் கட்டை கேட்கும் செலவை மறந்து விடுகிறோம். மும்பை மழையில் தோல் ஈரத்தை இழுத்துக்கொண்டு ஸ்ருதி இறங்கும்; ஏற்றுவதற்காகக் கல்லால் தட்டித் தட்டியே மூட்டு, அதாவது முகத்தின் தோல்களைச் சேர்த்துப் பின்னிய வளையம், சீக்கிரம் பிரிந்துவிடும். நான் கல்லூரியில் படித்தபோது ஓர் ஆகஸ்ட் மாதம், வாசித்த களைப்பில் தொப்பியில், அதாவது இடது முகத்தில், வாசிப்பதற்காக அப்பியிருந்த ரவை மாவைச் சுரண்டாமல் உறையில் போட்டுத் தூங்கிவிட்டேன். இரண்டு நாள் கழித்துத் திறந்தால் புளித்த மாவு நாற்றம். தோலில் பச்சையாகப் பூஞ்சை. ஈரத் துணியால் துடைத்து மின்விசிறியின் கீழ் வைத்துப் பார்த்தேன், பயனில்லை. கடன் வாங்கித்தான் மூட்டு மாற்றினேன்.

நீங்கள் குறிப்பிடாத ஒன்று: மத்திய கலாசார அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையிலான இளங்கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு உதவித்தொகை வழங்குகிறது. ஒன்பது ஆண்டு குருவிடம் கற்றவர் நீங்கள், தயங்காமல் விண்ணப்பியுங்கள். அந்தத் தொகை மாதாமாதம் வராமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக வருவதால், சேமிக்கும் பழக்கம் இல்லாதவர் கையில் ஒரே வாரத்தில் கரைந்துவிடும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

மகிழ்ச்சியைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். விலை பேசிய வாசிப்புக்கு முன்னால் உட்கார்ந்து செய்வது ஒத்திகை, அதற்குச் சாதகம் என்று பெயரில்லை. இரண்டு வகுப்புகளில் ஒன்றை விட்டுவிட முடியுமா என்று பாருங்கள். வருமானம் குறையும்தான், ஆனால் அந்த மாலையில் யாரும் கேட்காத ஒரு மிஸ்ர நடையை (ஒரு தட்டுக்கு ஏழு எண்ணிக்கை) அரை மணி நேரம் காலப்பிரமாணம், அதாவது வேகம், மாறாமல் வாசித்துப் பாருங்கள்.

பதில்: கிங்ஸ் சர்க்கிள் ரசிகர்

எனக்கு வாசிக்கத் தெரியாது, கேட்க மட்டுமே தெரியும். 1990-இல் இங்குள்ள பெரிய கச்சேரி அரங்கமான சண்முகானந்தா தீக்கிரையாகி 1998-இல் மீண்டும் திறக்கும் வரை, என் போன்றவர்கள் மாடுங்காவின் சிறிய கூடங்களில் பாயில் உட்கார்ந்துதான் கச்சேரி கேட்டோம். மிருதங்கத்துக்கு நான்கடி தள்ளி உட்கார்ந்து, குமுக்கியில், அதாவது இடது முகத்தில் எழுப்பும் வளைந்த நாதத்தில், கை எப்படி அழுந்துகிறது என்று கண்ணால் பார்த்த சுகம் பெரிய அரங்கில் எனக்குக் கிடைத்ததில்லை. ஆகவே மார்கழிக்காகக் காத்திருக்காமல் இந்த வாரமே ஒரு பஜனைக்குப் போய் உட்காருங்கள், கட்டணமும் இல்லை. சென்னைக்குப் போனாலும் பகல் கச்சேரிகள் பல இலவசம்தான், மியூசிக் அகாதமியின் காலை நேர விளக்கவுரைகளுக்கும் சீட்டு வேண்டாம். செலவெல்லாம் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும்தான்.

முலுண்ட் நண்பரோடு ஓரிடத்தில் மாறுபடுகிறேன். நாட்டிய வகுப்பைக் குறைவாக எண்ண வேண்டாம். நட்டுவாங்கத்தோடு, அதாவது நாட்டிய ஆசிரியர் தாளம் தட்டி ஜதி சொல்வதோடு, ஒட்டி வாசித்துத் தேர்ந்த கைகளை நான் கேட்டிருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. மாதம் ஆயிரத்துக்கு ஆர்.டி. தொடங்கிவிட்டேன். செவ்வாய்க்கிழமை வகுப்பை விடுவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஆசிரியரிடம் கேட்டேன், "முதலில் உன் சாதகத்தைக் காட்டு" என்று மட்டும் சொன்னார். இதற்கிடையில் நேற்று வலந்தலைக் கரணையில், அதாவது வலது முகத்தின் கறுப்பு வட்டத்தில், விரிசல் கண்டிருக்கிறது. வாத்தியத்துக்கென எடுத்து வைத்த ஐந்நூறு ஒரு வாரம்கூட உறையில் தங்காது போலிருக்கிறது.