டபுள்ஸ் டூருக்குப் பழைய பைக்: ரெண்டில் எதை எடுக்க?

பாதிவழி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. எனக்கு 47 வயசு, வீட்டுக்காரம்மாவுக்கு 44. பதினாறு வருஷமா ஒரே 350 சிசி வண்டி. தனியா ஓட்ட இப்பவும் எனக்கு அதுல ஒரு குறையும் தெரியல. அவங்க பின்னாடி ஏறினாத்தான் பிரச்சனை.

போன மாசம் ரெண்டு நாள்ல 540 கி.மீ. போயிட்டு வந்தோம். ஹெல்மெட்டுக்குள்ள பேசினா கேட்காதுன்னு எங்களுக்குள்ள ஒரு கணக்கு உண்டு: தோள்ல ஒரு தட்டுன்னா "மெதுவா", ரெண்டு தட்டுன்னா "நிறுத்து". முதல் நாள் எண்பதாவது கிலோமீட்டர்லயே ரெண்டு தட்டு. அதுக்கப்புறம் நாற்பது கிலோமீட்டருக்கு ஒரு தடவை. ரெண்டாம் நாள் மத்தியானத்துக்கு மேல தட்டே வரல. பழகிட்டாங்க போலன்னு சந்தோஷமா ஓட்டிட்டு வந்தேன். வாசல்ல இறங்கும்போதுதான் தெரிஞ்சது, தட்டி என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டாங்களாம்.

அதனால பெரிய வண்டி எடுக்கறதா முடிவு. புதுசுக்கு வசதி இல்ல, பழசுதான். ரெண்டு வண்டி கண்ணுல பட்டிருக்கு. ஒண்ணு யமஹா எஃப்ஜேஆர்1300, 2009 மாடல், 71,000 கி.மீ., மூணாவது ஓனர், சர்வீஸ் பில் ஒரு ஃபைல் நிறைய வச்சிருக்கார். இன்னொண்ணு சுசூகி வி-ஸ்ட்ராம் 650, 2013 மாடல், 38,000 கி.மீ., ஒரே ஓனர், ரெண்டு பக்கமும் பின்னாடியும் அலுமினியப் பெட்டி. நான் 78 கிலோ, அவங்க 66. வருஷத்துக்கு நாலஞ்சு நீண்ட பயணம் போவோம். கிலோமீட்டர் கம்மியா ஓடினதை எடுக்கறதுதானே புத்திசாலித்தனம்? இன்ஜின்ல எதையெல்லாம் கவனிக்கணும்?

ஆறுசிலிண்டர் எழுதியது:

டபுள்ஸ்னா ஹோண்டா கோல்டு விங், வேற பேச்சே கிடையாது. 1975 மாடலா ஜிஎல்1000 வந்தப்ப அதுவும் மொட்டை வண்டிதான். கண்ணாடி, பெட்டி எல்லாம் வாங்கினவங்களே வெளியில வாங்கி மாட்டிக்கிட்டாங்க. 1980-லதான் ஹோண்டாவே அதெல்லாம் போட்டுக் கொடுக்க ஆரம்பிச்சது. 2001-ல வந்த ஜிஎல்1800 பழசா ஒண்ணு மாட்டினா விடாதீங்க. 1832 சிசி, ஆறு சிலிண்டர், ரிவர்ஸ் வசதி, பின்னாடி சோபா. உங்க வீட்டம்மா தூங்கிடுவாங்க.

பாதிவழி எழுதியது:

சோபா சரி அண்ணே. 400 கிலோவுக்கு மேல இருக்கற சோபாவை பார்க்கிங்ல நான்தானே தள்ளணும்? என் உயரம் 165 செ.மீ. வேணாம்.

வால்வுசத்தம் எழுதியது:

தம்பி, ரெண்டும் நல்ல வண்டி. ஆனா இவ்வளவு எழுதிட்டு கடைசில இன்ஜினைப் பத்திக் கேக்கறீங்க பாருங்க, நானும் ஒன்பது வருஷம் முன்னாடி அப்படித்தான் இருந்தேன்.

நான் எடுத்த வண்டி எந்தக் கம்பெனின்னு சொல்லல, தப்பு அதுமேல இல்ல. விக்கறவர் வீட்டு ஷெட்ல ரெண்டு மணி நேரம் நின்னேன். இன்ஜின் மேல கை வச்சு சில்லுனு இருக்கான்னு பார்த்தேன், ஸ்டார்ட் பண்ணச் சொல்லி காது கொடுத்துக் கேட்டேன், ஆயில் அடைப்பைத் திறந்து மோந்தும் பார்த்தேன். என் வீட்டம்மா ரெண்டு ஹெல்மெட்டையும் கையில பிடிச்சுக்கிட்டு அந்த ரெண்டு மணி நேரமும் ஓரமா நின்னாங்க. ஒரு தடவை ஏறி உட்காரும்மான்னு சொல்லத் தோணல எனக்கு.

முதல் ராத்திரிப் பயணத்துல எதிர்ல வர்றவன் எல்லாம் எனக்கு லைட் அடிக்கிறான். ஹை பீம் போட்டிருக்கேனான்னு மூணு தடவை பார்த்துட்டேன், இல்ல. அப்புறம்தான் கவனிச்சேன், என் வெளிச்சம் ரோட்டுல விழவே இல்ல, மரக்கிளையில விழுது. பின் ஷாக் அப்சார்பர் செத்துப்போச்சு. ரெண்டு பேரும் மூட்டையும் ஏறினதும் பின்பக்கம் உட்கார்ந்து மூக்கு மேல தூக்கிக்கிச்சு. வளைவுல ஹேண்டில் காகிதம் மாதிரி லேசாயிடும், வண்டி தானா நடுக்கோட்டுக்கு விலகும். என்ன நடக்குதுன்னு அவங்களுக்குத் தெரியாது, ஆனா ஒவ்வொரு வளைவுலயும் அவங்க முழங்கால் என் இடுப்பை நெரிக்கும். ஏழாவது மாசம் நஷ்டத்துக்கு வித்தேன். கடைசி நாள்வரைக்கும் இன்ஜின் தங்கம்.

அந்த வண்டி என்கிட்ட வர்றதுக்கு முன்னாடி பன்னிரண்டு வருஷமும் ஒத்தை ஆள்தான் ஓட்டியிருக்கார். டூரிங் வண்டின்னு பேரு, பின்சீட்டு ஃபோம்ல மடிப்புகூட விழல. பழசுல பாதி வண்டி அப்படித்தான் இருக்கும்.

அதனால முதல்ல எடை. ஃபிரேம்ல ஒட்டியிருக்கற பிளேட்லயோ மேனுவல்லயோ வண்டி மொத்தமா எவ்வளவு எடை தாங்கும்னு போட்டிருக்கும். அதுலருந்து பெட்ரோல் நிரப்பின வண்டியோட எடையைக் கழிங்க. மிச்சம்தான் உங்களுக்கு. நீங்க ரெண்டு பேரும் 144. ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் ஆளுக்கு எட்டு கிலோன்னா 160. அலுமினியப் பெட்டி மூணும் ஸ்டாண்டோட சேர்ந்து காலியாவே இருபதுகிட்ட வரும். 180 ஆச்சா? இன்னும் ஒரு சட்டை எடுத்து வைக்கல. பெட்டி நிறைய இருந்தா டூருக்கு நல்லதுன்னு நினைக்கறோம், பெட்டியோட எடையே துணியோட எடையைத் தின்னுடும். அதுலயும் பின்னாடி மாட்டற டாப் பாக்ஸ், பின் ஆக்ஸிலை, அதாவது பின்சக்கரத்தோட நடுத்தண்டைத் தாண்டித் தொங்குது. அதுக்குன்னு தனியா ஒரு வரம்பு, சில கிலோதான், மூடியிலயோ ஸ்டாண்ட்லயோ எழுதியிருக்கும். மீறினா வேகத்துல வண்டி வால் ஆட்டும்.

அடுத்தது ஷாக். பின்சீட்டை ரெண்டு கையாலயும் நல்லா அமுக்கி விடுங்க. ஒரே மூச்சுல நிதானமா எழுந்து நிக்கணும். ரெண்டு மூணு குதி குதிச்சா உள்ள ஆயில் இல்ல, வெறும் ஸ்பிரிங். ஷாக்கோட கம்பில எண்ணெய்ப் பிசுக்கு இருக்கான்னு விரலால தடவுங்க. அப்புறம் ஒரு டேப் எடுத்துட்டுப் போங்க. சென்டர் ஸ்டாண்ட்ல பின்சக்கரம் தொங்கும்போது ஆக்ஸில்லருந்து நேர் மேல ஒரு இடம் வரைக்கும் அளந்துக்கோங்க. ரெண்டு பேரும் உட்கார்ந்ததும் இன்னொருத்தரை விட்டு அதே இடத்தை அளக்கச் சொல்லுங்க. சக்கரம் மொத்தமா மேல கீழ போற தூரத்துல மூணுல ஒரு பங்கு இறங்கினா சரி. 120 மி.மீ. பயணம்னா 40 வரைக்கும். பாதி இறங்கினா ஷாக் செலவை விலையிலருந்து கழிச்சுப் பேசுங்க.

2009 எஃப்ஜேஆர்ல பின் ஷாக்குக்கு ஒரு லீவர் இருக்கும், சாஃப்ட், ஹார்டுனு ரெண்டே நிலை. டபுள்ஸுக்கு ஹார்டு. லீவர் நகருதான்னு பாருங்க. நகரலைன்னா அந்த வண்டியோட முழு வரலாறும் உங்களுக்குத் தெரிஞ்சாச்சு. வி-ஸ்ட்ராம்ல அந்த வேலைக்கு ஒரு திருகு குமிழ், கையாலயே சுத்தலாம். இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

கிலோமீட்டர் பத்தி. எஃப்ஜேஆருக்கு 71,000 ஒண்ணுமே இல்ல. அதுல வால்வ் கிளியரன்ஸ், அதாவது இன்ஜின் வால்வோட இடைவெளி பார்க்கறது 42,000 கி.மீ.க்கு ஒருமுறை. அந்த பில் ஃபைல்ல இருக்கான்னு மட்டும் தேடுங்க. ஷாஃப்ட் டிரைவ், அதாவது பின்சக்கரத்தைச் சுத்தறது ஒரு தண்டுங்கறதால செயின் தொல்லை இல்ல, ஆனா டயர் மாத்தும்போதெல்லாம் அந்தத் தண்டு சக்கரத்தோட சேர்ற பல்லுல (ஸ்ப்ளைன்) கிரீஸ் வச்சாங்களான்னு கேளுங்க. ஓனர் முகம் மாறினா வைக்கல. வி-ஸ்ட்ராம்ல செயினை பின் ஸ்ப்ராக்கெட்டோட கடைசிப் பல்லுகிட்ட பிடிச்சு வெளிப்பக்கம் இழுங்க. பல்லு பாதி தெரிஞ்சா செட்டையே மாத்தணும்.

டயர் பக்கவாட்டுல நாலு எண் இருக்கும். 2319னா 2019-ஓட 23-ஆவது வாரம் செஞ்சது. பட்டன் எவ்வளவு ஆழமா இருந்தாலும் ஏழு எட்டு வருஷ டயர்ல உங்க வீட்டம்மாவை ஏத்தாதீங்க. முன்சக்கரத்தைத் தூக்கிட்டு ஹேண்டிலை மெதுவா இந்தக் கோடிலருந்து அந்தக் கோடிக்குத் திருப்புங்க, நடுவுல எங்கயாவது பள்ளத்துல விழுந்த மாதிரி நின்னா ஸ்டியரிங் பேரிங் போச்சு. டபுள்ஸ்ல அது இன்னும் பெருசாத் தெரியும்.

இன்ஜினா? காலையில நீங்க வர்றவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாம வைங்கன்னு சொல்லுங்க. அது போதும்.

பின்னிருக்கை எழுதியது:

வால்வுசத்தம் சார் சொன்ன அந்த "ஹெல்மெட்டைப் பிடிச்சுக்கிட்டு ஓரமா நின்ன" ஆள் நான்தான், வேறொரு வீட்டில். பதினோரு வருடமாகப் பின்சீட்டில் இருக்கிறேன், மூன்று வண்டி மாறிவிட்டது. கொஞ்சம் நான் சொல்கிறேன்.

உங்கள் மனைவியை சாதாரண உடையில் உட்கார வைத்துப் பார்க்காதீர்கள். ரைடிங் பேன்ட், பூட்ஸ் போட்டதும் முழங்கால் மடங்கும் கோணமே மாறிவிடும். பெட்டிகளைக் கழற்றி வைத்துக் காட்டினால் மாட்டச் சொல்லுங்கள். டாப் பாக்ஸும் இரண்டு சைடு பெட்டியும் இருக்கும்போது காலைச் சுழற்றிப் போட இடமே இருக்காது. நான் இடது கால்வைப்பில் ஏறி நின்று, வலது காலை மடக்கி, பெட்டிக்கும் சீட்டுக்கும் நடுவில் நுழைத்துத்தான் உட்காருவேன். இந்த நேரத்தில் ஓட்டுபவர் இரண்டு காலையும் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். "ஏறலாம்" என்று அவர் சொல்லும் முன் நான் காலைத் தூக்க மாட்டேன். ஒரு தடவை தூக்கி, இருவரும் வண்டியோடு சாய்ந்திருக்கிறோம். வண்டி நின்றுகொண்டிருந்தது, அதனால் அடி மானத்துக்குத்தான்.

ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் எந்த சீட்டும் நன்றாகத்தான் இருக்கும். உண்மை தெரிய அரை மணி நேரம் வேண்டும். முதலில் வலிப்பது நீங்கள் நினைக்கும் இடம் இல்லை, தொடையின் உள்பக்கம். சீட் அகலமாக இருந்தால் நல்லது என்று கடைக்காரர் சொல்வார். அளவுக்கு மீறிய அகலம் இடுப்பைப் பிளக்கும். முன்பக்கம் சரிவாக இருந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் சறுக்கி அவர் முதுகில் மோதுவோம், பிறகு பின்னால் நகர்வோம், நாள் முழுக்க இதே வேலை. கைப்பிடி முதுகுக்குப் பின்னால் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நூறு கிலோமீட்டர் போக முடியாது, பக்கவாட்டில் இருக்க வேண்டும்.

காற்றைப் பற்றி ஆண்கள் யாரும் கேட்பதே இல்லை. முன்கண்ணாடியை உயர்த்தினால் ஓட்டுபவருக்கு அமைதி. அந்தக் காற்று அவர் தலைக்கு மேலே போய், சரியாக என் ஹெல்மெட்டில் இறங்கும். எங்கள் இரண்டாவது வண்டியில் என் தலை நாள் முழுக்க ஆடிக்கொண்டே இருந்தது, இரவில் படுத்த பிறகும் ஆடுவது போலவே இருக்கும். அதனால் கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் இரண்டு விதமாகவும் ஓட்டிப் பாருங்கள், எது சரி என்று பின்னால் இருப்பவரைக் கேளுங்கள்.

தட்டுவதை அவர் நிறுத்திவிட்டார் என்று எழுதியிருந்தீர்களே. அந்த வரியை நான் இரண்டு தடவை படித்தேன்.

எதிரெதிர் எழுதியது:

ஒரே ஒரு விஷயம். ஃபிரேம் நம்பரைக் குறிச்சுக்கிட்டு ரீகால், அதாவது குறையைச் சரி பண்ண கம்பெனியே வண்டியைத் திரும்பக் கூப்பிடறது, ஏதாவது பாக்கி இருக்கான்னு தயாரிப்பாளர்கிட்ட கேளுங்க. நான் ஓட்டறது பிஎம்டபிள்யூ ஆர்1200ஆர்டி. 2014-ல அந்த மாடல்ல எலக்ட்ரானிக் பின் ஷாக்கோட கம்பி உடைய வாய்ப்பிருக்குன்னு, ஷாக் மாத்தற வரைக்கும் வண்டியையே ஓட்டாதீங்கன்னு கம்பெனியே அறிவிச்சது. மாத்தினதுக்கு ரெக்கார்டு இருந்த வண்டியைத்தான் நான் எடுத்தேன். புக்ல இருக்கற நம்பரும் ஃபிரேம்ல இருக்கறதும் ஒண்ணான்னு அப்பவே பார்த்துடலாம், ஒரே குனிவுல ரெண்டு வேலை.

பாதிவழி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பதிவை வீட்டம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். பின்னிருக்கை அக்கா எழுதினதை மட்டும் போனை வாங்கி அவங்களே படிச்சாங்க.

நேத்து ரெண்டு வண்டியும் பார்த்தாச்சு. எடைக் கணக்கு ரெண்டுலயுமே இழுபறிதான், நாங்க டாப் பாக்ஸை மறந்துட்டு ரெண்டு துணிப்பையோட போனாத் தேறும். வி-ஸ்ட்ராம் சுத்தமா இருந்தது, குமிழும் நல்லா சுத்துது. அவங்களுக்கு அந்த உயரமும், என் தலைக்கு மேல ரோடு தெரியறதும் பிடிச்சுப்போச்சு. ஆனா சைடு பெட்டி மாட்டினதும் ஏற முடியல. மூணு தடவை முயற்சி பண்ணி, மூணாவது தடவை பூட்ஸ் மாட்டிக்கிட்டு சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. டயர் எண் 1113. பத்து வருஷத்துக்கும் மேல ஆன ஒரிஜினல் டயர். 38,000 கி.மீ.க்கு நான் பட்ட சந்தோஷம் அங்கயே போச்சு.

எஃப்ஜேஆர்ல லீவர் சாஃப்ட்லயே இறுகி நின்னுபோயிருக்கு. ஓனருக்கு அப்படி ஒரு லீவர் இருக்கறதே தெரியல. வால்வ் பில் இருந்தது, 44,000-ல பார்த்திருக்காங்க. அமுக்கி விட்டா ரெண்டு குதி. டேப்பை அவர் பையன்தான் பிடிச்சான், 52 மி.மீ. இறங்கினோம். பெரியவர் தங்கமான மனுஷன், என் 350-ஐயும் சாவியையும் அடமானமா வச்சுக்கிட்டு நாற்பது நிமிஷம் ஓட்டிட்டு வாங்கன்னார்.

கண்ணாடியைப் பாதியில நிறுத்தினா அவங்களுக்கு சரியா இருக்காம். முழுசா ஏத்தினப்ப தலை ஆடிச்சாம், அக்கா சொன்ன மாதிரியே. இருபதாவது நிமிஷம் தோள்ல ஒரு தட்டு. வலிக்குது போலன்னு நினைச்சு ஓரம் கட்டப் போனேன், அப்புறம்தான் ஞாபகம் வந்தது, ஒரு தட்டுன்னா "மெதுவா". கீழ பார்த்தேன், மீட்டர்ல 128. எனக்கு எண்பதுல போற மாதிரிதான் இருந்தது.

ஷாக், லீவர் வேலைக்கான செலவைக் கழிச்சு ஒரு விலை சொல்லியிருக்கேன். ஞாயித்துக்கிழமை பதில் சொல்றேன்னிருக்கார். ஷாக்கை ரிப்பேர் பண்றதா, வேற வாங்கி மாட்டறதா? வால்வுசத்தம் அண்ணே, நீங்க என்ன பண்ணுவீங்க?

வால்வுசத்தம் எழுதியது:

உங்க ரெண்டு பேர் எடைக்கு ஏத்த ஸ்பிரிங் போட்டு, அதையே பிரிச்சு சர்வீஸ் பண்ணித் தர்ற ஆள் கிடைச்சா ரிப்பேர். கிடைக்கலைன்னா வேற ஷாக். எதுவானாலும் வண்டி கைக்கு வந்ததும் முதல் வேலையா இதை முடிங்க, பாலிஷ் எல்லாம் அப்புறம். லீவர்ல எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்க, சில சமயம் தானா விடும். அப்புறம் அந்த 128 பத்தி வீட்டுல என்ன சொன்னாங்கன்னு எழுதவே இல்லையே.