ஸ்டோரேஜுக்கு எல்ஏசிபியா, மல்டிபாத்தா?

புதுசர்வர்: ஈஎஸ்எக்ஸ்ஐ (விஎம்வேரின் மெய்நிகராக்க மென்பொருள்) ஓடும் ஹோஸ்ட் ஒவ்வொன்றிலும் ஸ்டோரேஜுக்கென்றே இரண்டு 10 ஜிகாபிட் போர்ட், மேலே இரண்டு சுவிட்ச், அந்தப் பக்கம் ஐஸ்கஸி ஸ்டோரேஜ் (நெட்வொர்க் வழியாக டிஸ்க் தருவது). ஒரு சுவிட்ச் படுத்தாலும் விஎம்கள் (மெய்நிகர் கணினிகள்) நிற்கக்கூடாது. வயர்களை ஒரே இணைப்பாகக் கட்டும் எல்ஏசிபி போடவா, ஒவ்வொரு வயரையும் தனிப் பாதையாக வைக்கும் மல்டிபாத் போடவா?

கேபிள்காரன்: எல்ஏசிபிதான். சுவிட்ச் இரண்டையும் ஒன்றுபோல இயங்கும்படி ஸ்டேக் செய்து ஒரே ஐபி கொடுங்கள், வேலை முடிந்தது. ஒரு வயர் போனால் மற்றது பார்த்துக்கொள்ளும். 20 ஜிகாபிட்டும் கிடைக்கும்.

வட்டுராஜா: 20 எங்கே கிடைக்கிறது? முகவரிகளிலிருந்து கணக்கிடும் ஹாஷ் பார்த்துத்தான் வயரைத் தேர்ந்தெடுக்கும். ஒரு டிசிபி இணைப்பு முழுவதும் ஒரே வயரில்தான் ஓடும். அதோடு ஈஎஸ்எக்ஸ்ஐயில் எல்ஏசிபிக்கு டிஸ்ட்ரிபியூட்டட் சுவிட்ச் (பல ஹோஸ்டுக்கும் பொதுவான மெய்நிகர் சுவிட்ச்) வேண்டும், அதற்குத் தனி லைசென்ஸ் கணக்கு.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. எல்ஏசிபிக்குத் தெரிவதெல்லாம் பக்கத்து சுவிட்ச் உயிரோடு இருக்கிறதா என்பது மட்டும். அதற்கு அப்பால் ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் தொங்கிப்போனால் அதற்கு எப்படித் தெரியும்? மல்டிபாத் லன் (ஸ்டோரேஜ் தரும் டிஸ்க்) வரைக்கும் போய்ப் பார்க்கிறது.

கேபிள்காரன்: பார்க்கிறது சரி, எவ்வளவு நேரம் கழித்து? லிங்க் விழாமல் பாதை மட்டும் செத்தால், நூப் (உயிரோடு இருக்கிறாயா என்று கேட்கும் சோதனைச் செய்தி) 15 வினாடிக்கு ஒருமுறை, பதிலுக்கு 10 வினாடி காத்திருப்பு, அப்புறம் ரெக்கவரிக்கு இன்னொரு 10. மொத்தம் 35. லினக்ஸ் விஎம்மில் டிஸ்க் டைம்அவுட் இயல்பாகவே 30 வினாடிதான். ஃபைல் சிஸ்டம் எழுத முடியாத ரீட்-ஒன்லிக்குப் போனால் யார் பதில் சொல்வது?

வட்டுராஜா: நியாயமான கேள்வி. விஎம்வேர் டூல்ஸ் அதை 180 ஆக்கிவிடும், டூல்ஸ் இல்லாத விஎம்மில் நாமே மாற்ற வேண்டும். ஆனால் அதே நிலைமையில் எல்ஏசிபி பாதையை மாற்றவே மாற்றாதே! ஸ்டேக்கையும் யோசியுங்கள். பல மாடல்களில் ஃபர்ம்வேர் ஏற்றினால் இரண்டு சுவிட்சும் சேர்ந்தே ரீபூட் ஆகும்.

கேபிள்காரன்: அதற்குத்தான் எம்லேக் (தனித்தனி சுவிட்ச் இரண்டுக்கும் சேர்த்து ஒரே இணைப்பு) இருக்கிறது, ஒவ்வொன்றாக ஏற்றலாம். ஸ்டோரேஜ் டிஸ்காக இல்லாமல் ஃபைலாகப் பகிரும் என்எஃப்எஸ் 3 ஆக இருந்தால் நான் சொன்னதே சரி, அங்கே மல்டிபாத் கிடையாது.

வட்டுராஜா: என்எஃப்எஸ் 3க்கு ஒத்துக்கொள்கிறேன். இவர் கேட்டது ஐஸ்கஸி.

புதுசர்வர், இரண்டு விஎம்கெர்னல் போர்ட் (ஹோஸ்ட் தனக்கென வைத்திருக்கும் நெட்வொர்க் முனை) போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு அப்லிங்க் (வெளியே போகும் போர்ட்) ஆக்டிவ், மற்றது அன்யூஸ்டு. ஸ்டாண்ட்பை என்று வைத்தால் போர்ட் பைண்டிங் (விஎம்கெர்னல் போர்ட்டை ஐஸ்கஸியோடு பிணைப்பது) ஏற்காது. சுவிட்சுக்கு ஒரு சப்நெட் என்று பிரித்துவிட்டால் பைண்டிங்கே தேவையில்லை. ஸ்டோரேஜ் தயாரிப்பாளர் வேறு பாலிசி சொல்லாவிட்டால் பாதைகளை மாறிமாறிப் பயன்படுத்தும் ரவுண்ட் ராபின் போதும்.

புதுசர்வர்: எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 9000 வைக்கலாமா?

வட்டுராஜா: வழி நெடுக வைக்க முடிந்தால் மட்டும். வைத்ததும், பாக்கெட்டைத் துண்டாக்க விடாமல் 8972 பைட்டில் விஎம்கேபிங் (விஎம்கெர்னலிலிருந்து அடிக்கும் பிங்) அடித்துப் பாருங்கள். இரண்டு விஎம்கெர்னலிலிருந்தும் தனித்தனியாக.

கேபிள்காரன்: சோதிக்கும்போது வயரை மட்டும் பிடுங்கிப் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். விஎம்மில் டிஸ்கில் எழுதும் வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு சுவிட்ச் போர்ட்டிலிருந்து ஸ்டோரேஜ் விலானை (ஸ்டோரேஜுக்கான மெய்நிகர் நெட்வொர்க்கை) எடுங்கள். விளக்கு பச்சையாகவே எரியும். அப்போது பாதை டெட் என்று மாற எத்தனை வினாடி ஆகிறது என்று இங்கே வந்து சொல்லுங்கள், வட்டுராஜாவோடு மிச்சச் சண்டையை அதை வைத்துப் போட்டுக்கொள்கிறேன்.