சாவிக்கொத்து டார்ச்: நிழல் படத்தை நம்பிக் காத்திருக்கலாமா?

பவர்கட்_பாண்டி:

நண்பர்களே, மூன்று நாளாக இதே நினைப்பு. நான் பின்தொடரும் ஒரு டார்ச் கம்பெனி (பெயர் வேண்டாம், பார்த்தவர்களுக்குத் தெரியும்) கருப்புப் பின்னணியில் ஒரு படம் போட்டிருக்கிறது. ஒரு வீட்டுச் சாவி, அதன் பக்கத்தில் அதைவிடக் குட்டையாக ஏதோ ஒன்றின் நிழல், கீழே "விரைவில்". அவ்வளவுதான். அந்தப் படத்தைப் பெரிதாக்கி, வெளிச்சத்தைக் கூட்டி, ஓரத்தில் தெரிகிற குழி டைப்-சி போர்ட்டா இல்லை வளையம் மாட்டுகிற ஓட்டையா என்று ராத்திரி பதினொன்றரை வரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பொண்ணு போட்டோவைக்கூட நீங்க இப்படிப் பார்த்திருக்க மாட்டீங்க" என்று வீட்டில் ஒரே பேச்சு.

இத்தனை நாள் என் சாவிக்கொத்தில் இருந்தது ஃபீனிக்ஸ் ஈ01. ஒரே ஒரு ஏஏஏ பேட்டரி, வெளிச்சம் 10 லூமென், தலையைத் திருகினால் எரியும், எதிர்ப்பக்கம் திருகினால் அணையும், வேறு வித்தை எதுவும் தெரியாது. போன மாதம் உள்ளே இருந்த அல்கலைன் பேட்டரி கசிந்து, வெள்ளையாகப் பூத்து, அப்படியே இறுகிவிட்டது. தட்டினாலும் வரவில்லை, உதறினாலும் வரவில்லை. இப்போது சாவி மட்டும் தொங்குகிறது, இருட்டில் பூட்டைத் தடவிக்கொண்டிருக்கிறேன்.

நைட்கோர் டிக்கி (சார்ஜ் போடுகிற சாவிக்கொத்து டார்ச்), ஈ01-இன் இரண்டாம் பதிப்பு, இந்த இரண்டில் ஒன்றை உடனே வாங்கிவிடலாமா, இல்லை இந்த நிழலுக்காகக் காத்திருக்கலாமா? அதில் என்னவெல்லாம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

லூமென்_லோகு:

காத்திருங்க தல!! டிக்கியே 300 லூமென், புதுசு கண்டிப்பாக 500-ஐத் தொடும். நானும் அந்தப் படத்தைத்தான் ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:

லோகு தம்பி, 500 வரலாம், யார் இல்லை என்றது. எவ்வளவு நேரத்துக்கு என்பதுதான் பேச்சு. இந்த அளவு விளக்குக்குள் அடங்குகிற லித்தியம் செல் 130 எம்ஏஎச் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்கிற அளவு) வாக்கில்தான் இருக்கும், அதை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் அரை வாட்-மணி கூட வரவில்லை, அதாவது அரை வாட்டை ஒரு மணி நேரம் ஓட்டுகிற சக்திகூட இல்லை. டிரைவரிலும் (எல்ஈடிக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கிற சர்க்யூட்) லென்ஸிலும் போனது போக ஒரு வாட்டுக்கு 100 லூமென் வெளியே வந்தால் அது நல்ல விளக்கு. ஆக 300 லூமெனில் வைத்தால் பத்து நிமிடத்தில் கதை முடிந்தது, 500 என்றால் ஆறு நிமிடம் கூட ஓடாது. அந்த ஆறு நிமிடத்தையும் அது ஓட்டாது, ஏனென்றால் பத்துப் பன்னிரண்டு கிராம் எடையுள்ள சாமானுக்குச் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ள உடம்பு ஏது? கை சுடுவதற்குள் தானாக வெளிச்சத்தை இறக்கிவிடும்.

"அப்படியென்றால் பெட்டியில் ஒரு மணி நேரம் என்று போட்டிருக்கிறானே" என்று கேட்பீர்கள். அது பொய்யில்லை, அளக்கும் முறை அப்படி. அன்சி எஃப்எல்1 என்கிற டார்ச் அளவீட்டுத் தரத்தின்படி, போட்டு 30 விநாடி கழித்து இருக்கிற வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை ஓடுகிற நேரம்தான் ரன்டைம். 300-இல் தொடங்கி இரண்டாவது நிமிடமே 35-க்கு இறங்கி, மிச்ச நேரம் முழுக்க அதிலேயே முனகிக்கொண்டிருந்தாலும் கணக்கில் சேரும்.

அதோடு, கண்ணுக்கு இரண்டு மடங்கு வெளிச்சமாகப் பட லூமென் கிட்டத்தட்ட நாலு மடங்கு வேண்டும். 300-க்கும் 500-க்கும் சுவரில் அடித்து ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும், சாவித் துவாரம் தேடும்போது தெரியாது. சார்ஜ் போடுகிற ஒரு எனலூப் ஏஏஏ பேட்டரியில் 0.9 வாட்-மணி இருக்கிறது பாண்டி, அந்தச் சின்ன லித்தியத்தைப் போல இரண்டு மடங்கு. இடிப்பது நீளம் மட்டும்தான், பேட்டரியே 44.5 மில்லிமீட்டர்.

லூமென்_லோகு:

கல்யாண வீட்டில் கரண்ட் போனால் 35 லூமெனையா காட்டுவது, ஒரு கெத்து வேண்டாமா சார்

நைட்_டியூட்டி_அக்கா:

கெத்தெல்லாம் சரி தம்பி, ஒரு லூமெனுக்கு இறங்குமா என்று எவரும் கேட்கவில்லை பாருங்கள். எனக்கு வேண்டியது அது மட்டும்தான். ராத்திரி இரண்டு மணிக்கு வார்டில் எல்லோரும் அப்போதுதான் கண் அசந்திருப்பார்கள், நான் டிரிப் சொட்டை எண்ண வேண்டும். ஒரு லூமெனைக் கைக்குள் மூடிப் பிடித்து, விரலிடுக்கு வழியாக விட்டாலே சொட்டு விழுவது நன்றாகத் தெரிகிறது. என்னிடம் முன்பு இருந்த ஒன்று எப்போது அமுக்கினாலும் முழு வெளிச்சத்தில்தான் தொடங்கும், குறைக்க இன்னும் இரண்டு தடவை அமுக்க வேண்டும். ஒருநாள் பக்கத்துப் படுக்கைப் பெரியவர் எழுந்து உட்கார்ந்து "விடிஞ்சிருச்சாம்மா" என்று கேட்டார். அன்றோடு அதைத் தம்பி மகனிடம் கொடுத்துவிட்டேன்.

குறைந்த வெளிச்சத்தில் தொடங்கினால் வாங்குவேன், இல்லாவிட்டால் 500 என்ன ஐயாயிரம் ஆனாலும் வேண்டாம்.

வயரிங்_வேலு:

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. நான் அதோடு நிறத்தையும் சேர்க்கிறேன்.

நான் கரண்ட் வேலை பார்ப்பவன். ஒரு பழைய வீடு, மாடிப்படிக்கு அடியில் டிபி பாக்ஸ் (வீட்டுக்குக் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி), குனிந்துதான் போக வேண்டும். அன்றைக்கு இருந்தது நீலம் பாய்ந்த வெள்ளை வெளிச்சம் தருகிற ஒரு மலிவு டார்ச். நீல ஃபேஸும் கருப்பு நியூட்ரலும் முப்பது வருடத் தூசியில் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தன. டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை வைப்பேன் என்பதால் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுத்த வாரமே நிச்சியா 519ஏ எல்ஈடி போட்ட ஒன்றை வாங்கினேன். சிஆர்ஐ (நிறம் எவ்வளவு சரியாகத் தெரியும் என்கிற அளவு, நூறுக்கு) 90-க்கு மேல், சிவப்பு சிவப்பாகத் தெரிகிறது, பழுப்பு பழுப்பாகத் தெரிகிறது. ஒரே விலையில் அதிக லூமென் ஒன்று, நல்ல நிறம் ஒன்று என்று இரண்டு இருந்தால் யோசிக்காமல் இரண்டாவதை எடுப்பேன். நிறம் கூடினால் லூமென் கொஞ்சம் குறையும், அதனால்தான் விளம்பரத்தில் இதைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள்.

இன்னொரு விஷயம், சிரிக்காதீர்கள். இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது டார்ச்சைப் பல்லில்தான் கடித்துக்கொள்கிறோம். கட்டைவிரல் அளவில் பண்ணினால் எங்கே கடிப்பது? விழுங்கித் தொலைக்காமல் இருந்தால் சரி.

அப்புறம் பாண்டி அண்ணே, அந்த ஈ01-ஐத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கசிந்தது காரம். பேட்டரி ஓரமாக நாலைந்து சொட்டு வினிகர் விட்டு, நுரைத்து அடங்கியதும் கவிழ்த்து மரக்கட்டையில் தட்டுங்கள். ஒரே நாளில் வராது, இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டும். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் ஓட்டை போட்டு இழுக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

சில்லறை_சிவா:

எல்லோரும் டைப்-சி டைப்-சி என்கிறீர்கள், அதிலும் ஒரு கூத்து இருக்கிறது. போர்ட் மட்டும் டைப்-சி வைத்துவிட்டு, உள்ளே போட வேண்டிய 5.1 கிலோ-ஓம் ரெசிஸ்டர் இரண்டையும் மிச்சம் பிடித்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் இரண்டு முனையும் டைப்-சியாக இருக்கிற கேபிளில் சார்ஜரிலிருந்து மின்சாரமே வராது, பழைய ஏ-டு-சி கேபிளைத் தேடி எடுக்க வேண்டும். சொந்த அனுபவம். டார்ச் செத்துவிட்டது என்று நினைத்து ஒரு வாரம் டிராயரில் போட்டு வைத்திருந்தேன், கடைசியில் பையனின் பழைய கேபிளில் ஏறியது.

டிக்கி மைக்ரோ யூஎஸ்பி, அதே நைட்கோரின் டியூப் டார்ச்சும் அதேதான். கேபிள் வீட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வாங்குங்கள்.

பவர்கட்_பாண்டி:

எல்லோருக்கும் நன்றி. வேலு தம்பி, வினிகர் மூன்றாவது நாள் வேலை செய்தது. தட்டிக்கொண்டே இருந்தேன், "டொக்" என்று விழுந்தது, பேட்டரி உப்பிப்போய்ப் பாதி பச்சையாக இருந்தது. காது குடையும் பட்ஸால் உள்ளே துடைத்தேன். எனலூப் போட்டுத் திருகினால் எரியவில்லை. மனசே விட்டுப் போச்சு. அப்புறம் திருகுப் பள்ளத்தைப் பார்த்தால் அங்கேயும் வெள்ளைப் பூச்சு, பழைய பனியன் துணியால் தேய்த்தேன். திருகினேன். அதே நீலம் பாய்ந்த 10 லூமென். கணக்குப்பிள்ளை சார், ராத்திரி கதவுக்கு அது போதுமானதாகத்தான் இருக்கிறது. வேலு பார்த்தால் திட்டுவார்.

டிக்கி இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நிழலுக்குக் காத்திருக்கிறேன், ஆனால் பதினொன்றரை வரை இல்லை.

இன்று காலை அடுத்த படம் வந்திருக்கிறது, பார்த்தீர்களா? இந்த முறை பின்பக்கம். நான் பார்த்த அந்தக் குழி வளையம் மாட்டுகிற ஓட்டைதான்.

லூமென்_லோகு:

அப்போ சார்ஜ் எதுல போடுறது???