தீ ஒத்திகைக்குப் பிறகு மணிச்சத்தம் கேட்டாலே அழும் குழந்தைகள்: வழி சொல்லுங்கள்

வணக்கம். காட்பாடி பக்கம் ஒரு தொடக்கப்பள்ளி. தரைத்தளமும் இரண்டு மாடியும், 310 பிள்ளைகள், இரண்டு படிக்கட்டு. ஜூலையிலிருந்து மூன்று தீ ஒத்திகை நடந்தது. முதல் முறை மைதானம் சேர 7 நிமிடம், இப்போது 4. நேரம் குறைந்துவிட்டது, பயம்தான் குறையவில்லை.

ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் ஏழெட்டுப் பேர் சைரன் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். இருவர் உடையிலேயே சிறுநீர் கழித்துவிட்டார்கள். மறுநாள் சாப்பாட்டு மணிக்கும் அழுகை. ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தை ஒத்திகைக்கு அடுத்த இரண்டு நாள் பள்ளிக்கே வரவில்லை.

செய்து பார்த்தவை: சைரனுக்குப் பதில் பித்தளை மணியை இடைவெளி விட்டு விட்டு அடித்தோம். வகுப்பு மணியும் அதே மணி என்பதால் குழப்பம் கூடிவிட்டது. முந்தின நாளே சொல்லிவிட்டு நடத்தினால் சின்னவர்கள் அழுவதில்லை. ஆனால் ஐந்தாம் வகுப்பு பையை எடுத்துக்கொண்டு பேசியபடி இறங்குகிறது, முதல் மாடித் திருப்பத்தில் நெரிசல். சின்ன வகுப்புகளைத் தரைத்தளத்துக்கு மாற்றியாயிற்று. கிரில் கேட் பள்ளி நேரத்தில் பூட்டுவதில்லை.

2004 ஜூலை 16, கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகளை இழந்த பிறகு ஒத்திகையை நிறுத்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. புகை, தீ, சாவு என்று பயமுறுத்திப் பழக்குவதும் வேண்டாம்.

சத்தத்துக்கு மிரளும் குழந்தைகளைத் தனியே பழக்கி, பிறகு மொத்த ஒத்திகையில் சேர்த்தவர்கள், அதை எத்தனை கட்டமாக, எத்தனை நாள் இடைவெளியில் செய்தீர்கள்?