வைரமா, எம்மா? பெரிய கோயில் ஐந்து ரூபாயும் ஒரு ‘ப்ரூஃப்’ விளம்பரமும்

லூப்10எக்ஸ்:
விற்பனைப் பகுதியில் காசுமாலை அண்ணன் நேற்றுப் போட்ட விளம்பரத்தைப் பார்த்ததிலிருந்து வயிற்றெரிச்சல். தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரமாவது ஆண்டு, 2010, ஐந்து ரூபாய், நிக்கல் பித்தளை. ‘அரிய ப்ரூஃப், முகம் பார்க்கலாம், 4,500 ரூபாய், பேரம் கிடையாது’ என்று போட்டிருக்கிறார். ப்ரூஃப் என்றால் புழக்கத்துக்கு இல்லாமல், சேகரிப்பவர்களுக்காகவே கண்ணாடிப் பளபளப்போடு தனியாக அடிக்கும் காசு. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆண்டுக்குக் கீழே குட்டியாக ஒரு வைரம். மும்பை மின்ட் (நாணயச்சாலை) புழக்கத்துக்கு அடித்த காசில் இருக்கும் அதே வைரம். மும்பை ப்ரூஃப் என்றால் 1996 முதல் எம் என்ற எழுத்து இருக்கும், அதற்கு முன்னால் பி இருந்தது. இது எல்.கே.ஜி. பாடம். வைரம் போட்ட காசை ப்ரூஃப் என்று விற்கிறவர் ஒன்று தெரியாதவர், இல்லாவிட்டால் நன்றாகவே தெரிந்தவர். எது என்று அவரே வந்து சொல்லட்டும்.

காசுமாலை:
தம்பிக்கு வணக்கம். இந்தத் தொழிலில் எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. படத்தில் காசின் தரையை, அதாவது எழுத்தும் உருவமும் இல்லாத வெற்றிடத்தைப் பார்த்தீர்களா? அதில் என் செல்போன் தெரிகிறது, செல்போனைப் பிடித்திருக்கும் விரல் தெரிகிறது. பேருந்தில் நடத்துநர் சில்லறையாகக் கொடுக்கும் காசில் விரல் தெரியுமா? அதோடு காசு மின்ட் டப்பாவோடு வந்தது. வாங்க வசதி இல்லாதவர்கள் குறை சொல்வது புதிதல்ல.

லூப்10எக்ஸ்:
செல்போன் தெரிகிறது, சரி. விரலும் தெரிகிறது, சரி. வைரமும் தெரிகிறதே அண்ணே, அதற்கு என்ன பதில்?

ஹூக்ளிக்கரை:
இடையில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ‘எம் இருந்தால்தான் ப்ரூஃப்’ என்று பொதுவாக ஒரு விதியைக் கிளப்பிவிடாதீர்கள், புதியவர்கள் கெட்டுப்போவார்கள். கொல்கத்தா ப்ரூஃபில் எந்தக் குறியும் கிடையாது, அங்கே அடிக்கும் புழக்கக் காசிலும் கிடையாது. லென்ஸை வைத்துக்கொண்டு எழுத்தைத் தேடினால் விடிந்துவிடும். குறியை விட்டுவிட்டு அடிப்பைப் பார்க்க வேண்டும். ப்ரூஃபுக்குப் பில்லையையும், அதாவது இன்னும் அடிக்காத வெற்று உலோக வட்டையும் மெருகேற்றுவார்கள், அச்சையும் மெருகேற்றுவார்கள். மெதுவாக இயங்கும் பிரஸ்ஸில், கூடுதல் அழுத்தத்தில், ஒரே காசை இரண்டு தடவையாவது அடிப்பார்கள். கையுறை போட்டு ஒவ்வொன்றாக எடுப்பார்கள். அதனால்தான் எழுத்தின் ஓரம் செங்குத்தாக எழும்பி நிற்கும். தரை பளிச்சென்றும் உருவம் மட்டும் வெண்மையாக மங்கியும் இருக்கும். புழக்கக் காசு ஒரே அடி, நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் கொட்டும், ஒன்றன்மேல் ஒன்று விழும்.

லூப்10எக்ஸ்:
நான் எழுதியது ‘மும்பை ப்ரூஃப்’. மேலே போய் நிதானமாக வாசியுங்கள். கொல்கத்தாவை இங்கே இழுத்தது நீங்கள். இந்தக் காசில் வைரம் இருக்கிறது, ஆக இது கொல்கத்தாவில் அடித்ததே இல்லை. பிறகு எதற்கு ஹூக்ளி வரைக்கும் போக வேண்டும்?

புதியவன்2:
ஐயா, ப்ரூஃப், அன்சர்குலேட்டட், ப்ரூஃப்-லைக் என்று மூன்று சொல்கிறார்கள். மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது முதலில் சொன்னால் தொடர்ந்து வாசிக்க வசதியாக இருக்கும்.

மணப்பாறைமாடு:
எம் எம் என்று குதிப்பவர்களுக்கு ஒரு கேள்வி. 1990களின் கடைசியில் நம் மின்ட்களால் முடியாமல் வெளிநாட்டில் காசு அடித்தார்கள். மெக்சிகோவில் அடித்த எஃகு ஒரு ரூபாயில் ஆண்டுக்குக் கீழே எம் இருக்கும், அதன் தலையில் பொடியாக ஒரு வட்டம். அந்தக் காசில் டீ குடித்திருக்கிறேன். அதுவும் ப்ரூஃபா? இதே பகுதியில் ஒரு புண்ணியவான் அதைத் ‘துருப்பிடிக்காத ப்ரூஃப்’ என்று விற்றதை மறந்துவிட்டீர்களா?

லூப்10எக்ஸ்:
ஹா ஹா. அது எம் மட்டும் இல்லை, வட்டம் போட்ட எம். மெக்சிகோ மின்ட்டின் குறி. மும்பையின் எம் தலையில் எதுவும் இல்லாமல் மொட்டையாக நிற்கும். அதோடு எம் இருக்கும் எல்லாமே ப்ரூஃப் என்று நான் சொல்லவில்லை. மும்பை ப்ரூஃபில் எம் இருக்கும் என்றுதான் சொன்னேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு லாரி போகும். வைரத்துக்குப் பதில் வரட்டும்.

காசுமாலை:
வைரம் வைரம் என்று இதையே எத்தனை நாள் பாடுவீர்கள்? அச்சு தேய்ந்தால் எழுத்து பொடியாகும், பொடிந்த எம் வைரம் மாதிரிதான் தெரியும். நொய்டா மின்ட்டின் குறியான புள்ளியையும் மும்பையின் வைரத்தையும் ஒன்றுக்கொன்று குழப்பிக்கொள்ளும் ஆட்கள் இங்கேயே இருக்கிறார்கள். நேரில் வந்து பாருங்கள். காசு தரையில் கிடந்தாலும் கண்ணைப் பறிக்கும்.

லூப்10எக்ஸ்:
இதுதான் வேண்டும். அண்ணன் சொல்கிறார்: ப்ரூஃப் அச்சு எழுத்து பொடியும் அளவுக்குத் தேய்ந்துவிட்டதாம். ஆனால் அதே அச்சில் தரை மட்டும் கண்ணாடியாக வந்ததாம். ப்ரூஃப் அச்சைக் கொஞ்சம் மங்கினாலே கழற்றி மறுபடி மெருகேற்றுவார்கள், இல்லாவிட்டால் தூக்கிப் போடுவார்கள். நாலு கோடு உள்ள எழுத்து நாலு மூலை உள்ள வைரமாகப் பொடிவதற்கு எந்த மின்ட்டிலும் அச்சு கிடையாது.

இன்னொன்று, பெரிய கோயில் ப்ரூஃப் செட்டில் ஐந்து ரூபாயோடு ஆயிரம் ரூபாயும் வரும். இந்தியாவின் முதல் ஆயிரம் ரூபாய் நாணயம், 35 கிராம், 80 விழுக்காடு வெள்ளி. அண்ணனிடம் அது எங்கே? டப்பா மட்டும் தனியாகவே நூறு இருநூறுக்குக் கிடைக்கிறது. டப்பாவை வைத்து ப்ரூஃப் என்றால் என் வீட்டுச் சாவியையும் அதில் போட்டு விற்கலாம்.

நெல்லைநிக்கல்:
மெருகைப் பற்றிப் பேசாமல் குறியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் எப்படி? சுலபமான வழி இருக்கிறது. தினத்தாளை மேசையில் விரித்துக் காசை அதன்மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். பொடி எழுத்து காசின் தரையில் எத்தனை சென்டிமீட்டர் தூரம் வரை தெளிவாக வாசிக்க முடிகிறது என்று பாருங்கள். நல்ல ப்ரூஃபில் வரிசையாக வாசிக்கலாம். புதுப் புழக்கக் காசில் முதல் ஒன்றிரண்டு வரியோடு குழம்பிவிடும். அதோடு விளக்கடியில் சாய்த்துச் சுற்றுங்கள். புழக்கக் காசு புதிதாக இருந்தால் ஒளிக்கீற்று விசிறியாகச் சுழலும். அடிக்கும்போது உலோகம் வெளிப்புறமாக ஓடிய தடம் அது. ப்ரூஃபில் சுழலாது, இருட்டாகவும் வெளிச்சமாகவும் மாறிமாறி அடிக்கும். படத்தில் இருக்கும் காசில் இரண்டுமே இல்லை. எனக்கு அது புளி போட்டுத் தேய்த்தது போலத்தான் படுகிறது.

காசுமாலை:
யார் புளி போட்டது? வார்த்தையை அளந்து பேசுங்கள் நெல்லை. மாட்டுத்தாவணி நாணயச் சந்தையில் சாம்பலைத் தேய்த்து விக்டோரியா ரூபாய் விற்றது யார் என்று நானும் எழுதவா?

நெல்லைநிக்கல்:
எழுதுங்கள். நான் மாட்டுத்தாவணிச் சந்தைக்கே வந்ததில்லை. வேறு யாரோ சட்டை மாற்றிப் போட்டிருந்தார் என்று தோன்றுகிறது.

வெள்ளிக்காசு:
புளியை இவ்வளவு திட்டுகிறீர்கள். பித்தளைக் காசைப் புளியில் கழுவினால் என்ன கேடு? எங்கள் வீட்டுக் குத்துவிளக்கு தலைமுறையாகப் புளியில்தான் துலங்குகிறது.

நெல்லைநிக்கல்:
குத்துவிளக்கைத் துலக்குங்கள், யார் வேண்டாம் என்றார்? காசின் மேல்தோல் போனால் திரும்பி வராது. பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் லென்ஸ் வைத்துப் பாருங்கள், மயிரிழைக் கீறல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். எழுத்தின் மூக்கெல்லாம் மழுங்கியிருக்கும். எழுத்துக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் பொந்தில் துணி போகாது, அங்கே மட்டும் பழைய கருப்பு அப்படியே உட்கார்ந்திருக்கும். காசுமாலை அண்ணன் படத்தில் ‘சத்யமேவ ஜயதே’ எழுத்தின் இடுக்கைப் பாருங்கள், கருப்பு இருக்கிறதா இல்லையா?

வெள்ளிக்காசு:
கருப்பு என்பது நிழல். படம் எடுக்கும்போது விழுந்த நிழலை வைத்து ஒருவரைத் திருடனாக்குவது தெரிந்தே செய்யும் அநியாயம். மேலும் என் குத்துவிளக்கைக் கேலி செய்தது தேவையில்லாத வேலை.

லூப்10எக்ஸ்:
குத்துவிளக்கை விடுங்கள். நிழலையும் விடுங்கள். நிழலுக்குக் கீழேயும் வைரம்தானே இருக்கிறது?

ஹூக்ளிக்கரை:
லூப், நீங்கள் மறுபடி எழுத்திலேயே வந்து நிற்கிறீர்கள். எழுத்தை நம்பி முடிவெடுப்பது ஆபத்து. புழக்கக் காசில் வைரத்தைச் சுரண்டிவிட்டு எம் வெட்டினால் அன்றைக்கு நீங்கள் அதை ப்ரூஃப் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பீர்களா?

லூப்10எக்ஸ்:
வைரத்தைச் சுரண்டினால் சுரண்டிய பள்ளம் தெரியும். அது தெரிந்தால் கொடுக்க மாட்டேன். எழுத்து இருந்தால் நான் மேலே பார்ப்பேன். எழுத்தே இல்லையென்றால் மேலே பார்க்க என்ன இருக்கிறது? இது நுழைவாயில், அவ்வளவுதான். வாசலிலேயே மாட்டிக்கொண்டவருக்காக ஏன் இவ்வளவு பேர் வக்காலத்து?

ஹூக்ளிக்கரை:
நான் யாருக்கும் வக்காலத்து வாங்கவில்லை. முறையைச் சொன்னேன்.

லூப்10எக்ஸ்:
முறை என்று சொல்லித்தான் போன வருடம் அந்தக் காந்தி பத்து ரூபாய் விவகாரத்தையும் மழுப்பினீர்கள். 1969 நூற்றாண்டுக் காசு, 15 கிராம், 80 விழுக்காடு வெள்ளி. ஒரு வியாபாரி எனக்கு ‘ப்ரூஃப்’ என்று தள்ளினார். பாம்பே ப்ரூஃபில் இருக்க வேண்டிய பி இல்லை. கேட்டதற்கு ‘அடிப்பைப் பார்க்க வேண்டும் சார்’ என்றார். நீங்களும் அதையே எழுதினீர்கள். அந்தப் பணம் இன்றுவரை வரவில்லை.

ஹூக்ளிக்கரை:
அந்த வியாபாரி யாரென்றே எனக்குத் தெரியாது. அன்றைக்கும் உங்கள் படம் மங்கலாக இருந்தது, படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றுதான் எழுதினேன். பழைய திரியைத் தோண்டிப் பாருங்கள்.

மணப்பாறைமாடு:
லூப் படம் மங்கலாக இருந்தால் காசு ப்ரூஃப் இல்லை, காசுமாலை படம் மங்கலாக இருந்தால் நிழல். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

புதியவன்2:
ஐயா, அந்த மூன்று வித்தியாசம்… மேலும் என்னிடம் 2012 வைஷ்ணோ தேவி ஐந்து ரூபாய் இருக்கிறது. யூடியூபில் பத்து லட்சம் என்கிறார்கள்.

வெள்ளிக்காசு:
பத்து லட்சத்துக்கு வாங்க வருகிறவர் முதலில் உங்களிடம் ‘பதிவுக் கட்டணம்’ கேட்பார். கொடுத்துவிடாதீர்கள். பழைய காசு, நோட்டு வியாபாரத்தில் தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் பறிக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்தது. காசைச் செலவு செய்யுங்கள், டீ கிடைக்கும்.

காசுமாலை:
எல்லோரும் கவனிக்கவும். இந்த விவாதத்துக்குப் பிறகு மூன்று பேர் உள்பெட்டியில் விலை கேட்டிருக்கிறார்கள். விலை இனி 5,000. குறியை விட்டுவிட்டு அழகைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும்.

லூப்10எக்ஸ்:
சாதாரணப் பெரிய கோயில் ஐந்து ரூபாய், தேய்மானம் இல்லாதது என்று உண்மையைப் போட்டு நியாயமான விலை வையுங்கள். வைரத்தோடு நானே வாங்குகிறேன். ‘ப்ரூஃப்’ என்ற நான்கெழுத்துக்கு மட்டும் கூடுதலாக நாலாயிரத்துச் சொச்சம் தர முடியாது.

காசுமாலை:
உங்களுக்கு விற்பதாக இல்லை. ஏற்கெனவே வாங்கிய, காசு போட்டு வைக்கும் கேப்சூல் டப்பிகளுக்கு மீதிப் பணம் பாக்கி இருக்கிறது, ஞாபகம் இருக்கட்டும்.

லூப்10எக்ஸ்:
பத்து டப்பியில் நாலு விரிசல். நாலுக்கும் கழித்துக்கொண்டுதான் அனுப்பினேன், ரசீது இருக்கிறது. படம் போடவா? இங்கே பேச்சு வைரத்தைப் பற்றி.

நெல்லைநிக்கல்:
டப்பி பாக்கியைத் தனித் திரியில் வைத்துக்கொள்ளுங்கள். காசுமாலை அண்ணே, தினத்தாள் சோதனைப் படம் எப்போது வரும்?

காசுமாலை:
எங்கள் வீட்டில் தினத்தாள் வாங்குவதில்லை.

மணப்பாறைமாடு:
கல்யாணப் பத்திரிகை இருந்தால் போதும் அண்ணே, எழுத்து இன்னும் பெரிதாக இருக்கும்.