கல்யாண மண்டபத்தில் சட்டென்று லென்ஸ் எடுக்க எந்தப் பை?

குடந்தை_கேண்டிட்:

வணக்கம். கும்பகோணம் வட்டாரத்தில் கல்யாணங்களுக்குக் கேண்டிட் படம் (போஸ் கொடுக்கச் சொல்லாமல் இயல்பாக எடுப்பது) எடுக்கிறேன். என்னிடம் இருப்பது கேனன் 6டி மார்க் 2 கேமரா பாடி ஒன்றே ஒன்று, 24-70 எஃப்/2.8, 70-200 எஃப்/2.8, 85 எஃப்/1.8 என்று மூன்று லென்ஸ், ஒரு ஃபிளாஷ். எல்லாம் ஒரு முதுகுப்பையில் போகிறது. பஸ்ஸில் போக வர அருமையான பை. மண்டபத்துக்குள் நுழைந்த பிறகுதான் தொல்லை. லென்ஸ் மாற்ற வேண்டுமென்றால் பையைக் கழற்றி, தரையில் படுக்க வைத்து, ஜிப்பைச் சுற்றிலும் திறக்க வேண்டும்.

மாலை மாற்றும்போது மாமாக்கள் பெண்ணையும் மாப்பிள்ளையையும் தோளில் தூக்கிவிடுவார்கள், அதற்கு அகலமாகப் பிடிக்கும் 24 வேண்டும். அடுத்த நிமிடமே ஊஞ்சல். பாட்டுப் பாடும் மாமிகளின் முகத்துக்கு 85 இல்லாமல் முடியாது. அந்த நேரம் பார்த்துப் பை சுவரோரம் கிடக்கும், நான் கூட்டத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருப்பேன். ஆளில்லாத பையை யாராவது தூக்கிவிடுவார்களோ என்ற பயம் வேறு.

தோள்பையா, மார்புக்குக் குறுக்கே மாட்டும் ஒற்றைப் பட்டை ஸ்லிங்கா, இடுப்பில் கட்டும் பவுச்சா? 8,000 ரூபாய் வரை செலவழிக்கலாம். வேலை செய்பவர்கள் சொல்லுங்கள். யூடியூபில் பார்க்கும் பைகள் எல்லாம் ஏரிக்கரையில் நிற்பவர்கள் தோளில்தான் தொங்குகின்றன.

நெல்லை_ஃபிரேம்:

ஸ்லிங் வாங்குங்கள் ப்ரோ. லோவெப்ரோ ஸ்லிங்ஷாட் மாதிரி ஒன்று. முதுகில் இருப்பதை இழுத்து முன்னால் கொண்டுவந்தால் பக்கவாட்டில் திறந்துவிடும், தரையில் வைக்கவே வேண்டாம். நான் 35, 85 என்று இரண்டு பிரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) மட்டும் வைத்திருக்கிறேன், எனக்கு இதுவரை குறையில்லை.

மதுரை_பழைய_ஃபிலிம்:

நெல்லைத் தம்பி சொல்வது இரண்டு பிரைமுக்குச் சரி. குடந்தைத் தம்பியின் சுமை வேறு. 6டி மார்க் 2 பேட்டரியோடு 765 கிராம். 24-70 இரண்டாம் பதிப்பு என்றால் 805. 70-200 ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. 85 ஒரு 425. ஃபிளாஷும் அதன் பேட்டரிகளும் சேர்ந்தால் மொத்தம் நாலு கிலோ. கேமரா கையில் இருந்தாலும் மீதி இரண்டரைக் கிலோ ஒரே தோளில், விடிகாலை முதல் பந்தி முடியும்வரை. அதுவும் பல ஸ்லிங் பைகளைத் தோள் மாற்றிப் போட முடியாது. மதியத்துக்கு மேல் கழுத்து சொல்லிவிடும்.

என் கட்சி தோள்பை. ஆனால் தோள்பை என்று வாங்கினால் மட்டும் போதாது தம்பி. எல்லாரும் எத்தனை லென்ஸ் கொள்ளும் என்று கேட்கிறார்கள், காலியாக எத்தனை அறை மிஞ்சும் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு லென்ஸ் கேமராவில் இருக்கும், இரண்டு பையில் இருக்கும். அப்படியானால் பையில் அறை மூன்று வேண்டும். அந்த மூன்றாவது காலி அறை இல்லையென்றால், கழற்றிய லென்ஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

நான் மாற்றும் முறையைச் சொல்கிறேன். லென்ஸ்களை மவுண்ட் (கேமராவில் மாட்டும் பக்கம்) மேலே பார்க்கும்படி நிறுத்தி வைப்பேன், ஹூட்டை (லென்ஸ் முன்னால் மாட்டும் வெளிச்ச மறைப்பு) திருப்பிப் போட்டு முன்பக்கம் கீழே. முதலில் பைக்குள் இருக்கும் லென்ஸின் பின் மூடியைத் தளர்த்திக்கொள்வேன். கேமராவில் உள்ளதைக் கழற்றி மூடி போடாமலே காலி அறையில் இறக்குவேன். புது லென்ஸ் நிமிர்ந்து நிற்கிறது. மூடியை எடுத்துவிட்டுப் பாடியை டிபன் கேரியர் அடுக்கு மாதிரி அதன் மேல் இறக்கி, சிவப்புப் புள்ளியைப் பார்த்துத் திருகினால் முடிந்தது. எடுத்த மூடி அப்படியே பழைய லென்ஸுக்குப் போய்விடும். பாடியின் வாய் முழு நேரமும் கீழே பார்த்திருப்பதால் ஹோமப் புகையும் சாம்பலும் உள்ளே போவது குறையும்.

இதற்கு மூன்று அறையும் ஒரே அளவு வேண்டும், ஏனென்றால் எந்த லென்ஸ் எந்த அறைக்குப் போகும் என்று முன்கூட்டித் தெரியாது. உன் 24-70, 70-200 இரண்டும் 89 மி.மீ. விட்டம், ஹூட் திருப்பிப் போட்டால் இன்னும் அகலம். 70-200 மூடி இல்லாமலே 20 செ.மீ. நீளம். ஆகவே பையின் உள் உயரம் 22 செ.மீ.க்குக் குறைந்தால் வாங்காதே. 70-200ஐ முக்காலியில் மாட்டும் டிரைபாட் வளையத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிடு, கல்யாணத்தில் அது அறையை அடைப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாது.

அப்புறம் பையின் மேல் மூடி. வெளிப்பக்கமாகத் திறப்பது நல்லது. வயிற்றுப் பக்கமாகத் திறக்கும் மூடி ஒவ்வொரு தடவையும் கைமேல் விழும். அந்த மாதிரிப் பைதான் அமைந்தது என்றால், மூடியைப் பின்னால் மடித்து உடம்புக்கும் பைக்கும் நடுவில் செருகிவிடு.

வெல்க்ரோ சத்தம் பற்றி நிறையப் பேர் பயமுறுத்துவார்கள். தவிலுக்கு முன்னால் வெல்க்ரோ யாருக்குக் கேட்கப்போகிறது? சர்ச் கல்யாணம், கச்சேரி என்றால்தான் யோசிக்க வேண்டும். திங்க் டேங்கின் ரெட்ரோஸ்பெக்டிவ் பைகளில் வெல்க்ரோவை மூடிக்கொள்ள ஒரு மடிப்பே வைத்திருக்கிறார்கள்.

பஞ்சு மெத்தை மாதிரி தடித்த பைகள் எனக்குப் பிடிக்காது. பை உடம்போடு ஒட்டாமல் வெளியே துருத்திக்கொண்டு, போகிற வருகிற அத்தைகளை எல்லாம் இடிக்கும். 1970களில் ஃபிலடெல்ஃபியா இன்குவயரர் பத்திரிகையின் புகைப்படக்காரர் ஜிம் டோம்கே தன் வேலைக்கென்று ஒரு பை வடிவமைத்தார், எஃப்-2 என்று இன்றும் விற்கிறது. வெறும் கேன்வாஸ், நடுவில் தடுப்பு, கொக்கி, அவ்வளவுதான். அதையே வாங்கு என்று சொல்லவில்லை, உன் பட்ஜெட்டில் வருமோ வராதோ. அந்த அமைப்பைப் பார்த்து வைத்துக்கொண்டு நம் ஊர்க் கடையில் தேடு.

குடந்தை_கேண்டிட்:

அண்ணே, காலி அறை விஷயம் யாரும் சொல்லித் தரவில்லை, நன்றி. ஒரு சந்தேகம். மூடியை மடித்துச் செருகிவிட்டால் பை திறந்தே இருக்குமே, அட்சதை போடும்போது என்ன செய்வீர்கள்?

மதுரை_பழைய_ஃபிலிம்:

மூடிவிடுவேன். மஞ்சள் அரிசி லென்ஸ் அறைக்குள் விழுந்தால் அரிசியைப் பொறுக்கலாம், மஞ்சள் தூள் மவுண்ட் ஓரத்தில் ஏறினால் துடைத்து முடியாது. தாலி கட்டும்போது லென்ஸ் மாற்றும் வேலையே வைத்துக்கொள்ளாதே. அப்பா மடியில் பெண் உட்கார்ந்ததும் 24-70 போட்டு, பையை மூடி, முதுகுப் பக்கம் தள்ளிவிட வேண்டும். கெட்டிமேளம் கேட்டதும் மொத்தக் கூட்டமும் எழுந்து முன்னால் வரும். வீடியோக்காரர் விளக்கோடு குறுக்கே நிற்பார். 70-200 வைத்திருந்தால் அவர் முதுகைத்தான் எடுக்கலாம். நாத்தனார் முடிச்சுப் போடும்வரை அதே லென்ஸ். அதற்குப் பிறகு நிதானமாக 85 எடு, அம்மாக்கள் கண் துடைப்பது அப்போதுதான்.

வேடந்தாங்கல்_விசிறி:

நான் பறவை ஆள், கல்யாணம் எடுப்பதில்லை. ஆனாலும் ஒன்று சொல்லலாம். முதுகுப்பையை விட மனசில்லை என்றால் லோவெப்ரோ ஃபிளிப்சைட் வகையைப் பாருங்கள். முதுகைத் தொடும் பக்கம்தான் திறக்கும். இடுப்புப் பட்டையை மட்டும் கட்டிக்கொண்டு தோள் பட்டைகளைக் கழற்றி, பையை முன்னால் சுழற்றினால் வயிற்றுக்கு நேராக ஒரு மேஜை மாதிரி நிற்கும். பின்னால் நிற்பவர் ஜிப்பைத் தொடவே முடியாது. சேற்றில் நின்று லென்ஸ் மாற்ற எனக்கு இதுதான் வசதி. மண்டபக் கூட்டத்தில் சுழற்ற இடம் கிடைக்குமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

குடந்தை_கேண்டிட்:

இடம் கிடைக்காது சார், நாதஸ்வரக்காரர் மேல் இடித்துவிடும். மழைக்காலத்தில் ஏரிப் பக்கம் வந்தால் யோசிக்கிறேன்.

இடுப்பு பவுச் பற்றி யாரும் சொல்லவில்லையே?

நெல்லை_ஃபிரேம்:

பேன்ட் போட்டால் நல்ல வசதி. எடை இடுப்பில் உட்காரும், தோள் தப்பிக்கும். இப்போதெல்லாம் பெண் வீட்டார் போட்டோகிராபர்களும் வேட்டி கட்டிக்கொண்டு வாருங்கள் என்கிறார்கள். வேட்டிமேல் ஒன்றரைக் கிலோ லென்ஸைத் தொங்கவிடும் துணிச்சல் எனக்கு இல்லை.

மதுரை_பழைய_ஃபிலிம்:

பவுச் 85க்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் தோள்பையில் இரண்டு அறை போதும். 85 கேமராவில் இருக்கும்போது பவுச் காலி, மற்ற நேரம் பையில் ஒரு அறை காலி.

இன்னொன்று தம்பி. இரண்டாவது பாடி வாடகைக்குக் கிடைத்தால் முகூர்த்த நாளுக்கு மட்டும் எடுத்துப் பார். பழைய கிராப் பாடி (சின்ன சென்சார் உள்ள கேமரா) என்றாலும் பரவாயில்லை, உன் 85 அதில் 136 மி.மீ. மாதிரி வேலை செய்யும். ஊஞ்சலுக்கு லென்ஸ் மாற்றும் வேலையே இருக்காது.

குடந்தை_கேண்டிட்:

வாடகைக்கு விசாரிக்கிறேன். பைக்கு இப்படி ஒரு யோசனை: இங்கே ஸ்கூல் பை தைக்கும் கடை ஒன்று இருக்கிறது. கேன்வாஸ் தோள்பை ஒன்று வாங்கி, உள்ளே மூன்று அறை தைக்கச் சொல்லலாமா?

மதுரை_பழைய_ஃபிலிம்:

தாராளமாக. தடுப்பைத் தைத்து மூடிவிடாமல் வெல்க்ரோவில் ஒட்டும்படி வை, நாளைக்கு லென்ஸ் மாறினால் நகர்த்தலாம். தடுப்புக்குள் வைக்கச் செருப்புக் கடையில் கிடைக்கும் ஃபோம் ஷீட் போதும், அடியில் மட்டும் இரண்டு மடங்கு போடச் சொல். அளவெடுக்க 70-200ஐ ஹூட்டோடு கடைக்கே எடுத்துக்கொண்டு போ. தோள் பட்டையை மட்டும் அவரிடம் தைக்காதே, அகலமான பட்டையாகக் கடையில் தனியே வாங்கி, இரும்பு வளையத்தில் மாட்டிக்கொள்.