இன்ஸ்டால் பண்ணாம சி.டி.லயே லினக்ஸ் ஓட்டறேன், தப்பா?

வியாசைப் பையன்:
எம்.கே.பி. நகர்ல சின்ன ஜெராக்ஸ் கடை. கூடவே ப்ரௌசிங்குக்கு நாலு பழைய மெஷின், 2 ஜி.பி. ராம். போன மழையில தண்ணி உள்ள பூந்து ரெண்டு ஹார்ட் டிஸ்க் காலி. புதுசு வாங்காம பப்பி லினக்ஸை (விண்டோஸுக்குப் பதிலா ஓடற குட்டி ஓ.எஸ்.) சி.டி.ல எழுதி நாலையும் அதுலயே பூட் பண்றேன். மொத்தமும் ராமுக்கு ஏறிடுது, அப்புறம் சி.டி.யை உருவிடலாம். பசங்க பென் டிரைவ்ல என்ன கண்றாவி கொண்டாந்தாலும் ரீஸ்டார்ட் பண்ணா போச்சு. எதிர்க்கடை அண்ணன் மட்டும் "ஒழுங்கா இன்ஸ்டால் பண்ணுடா"ன்னு தினம் காய்ச்சறாரு.

காசிமேடு கணினி:
அவர் சொல்றதுதான் சரி தம்பி. சி.டி. எழுதின அன்னிக்கு இருந்த ப்ரௌசர்தான் உனக்கு என்னிக்கும். அதுக்கப்புறம் கண்டுபிடிச்ச ஓட்டையை எப்படி அடைப்ப? உன் கடையில ஜனங்க பேங்க் பாஸ்வேர்டு அடிக்கிறாங்க, டி.என்.பி.எஸ்.சி. அப்ளிகேஷன் போடறாங்க. காலையில ஒருத்தன் எதையாவது இறக்கிட்டுப் போனா, நீ ரீஸ்டார்ட் பண்ற வரைக்கும் அடுத்தடுத்து உக்கார்ற அத்தனை பேரும் மாட்டுவாங்க. பப்பி வழக்கமா ரூட்டாவே, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள யூசராவே ஓடும், தெரியுமில்ல? மிச்சம் இருக்கற ரெண்டு ஹார்ட் டிஸ்கையும் ஒரு பொடியன் ஃபார்மட் பண்ணிட்டுப் போவான். பாஸ்வேர்டு கூட கேக்காது.

வியாசைப் பையன்:
ஹார்ட் டிஸ்க் ஒயரை எப்பவோ பிடுங்கிட்டேண்ணா. ஆள் மாறும்போதெல்லாம் ரீஸ்டார்ட்தான். கரண்ட் பொசுக்குன்னு போனாலும் கவலை இல்ல, எழுதிட்டு இருந்தாத்தானே பாதியில கெட்டுப்போக?

தண்டையார்பேட்டை டக்ஸ்:
2000-ல கிளாஸ் நாப்பர், சி.டி.லயே ஓடற நாப்பிக்ஸ் லினக்ஸை விட்டப்போ இது மாயாஜாலம். 700 எம்.பி. சி.டி.க்குள்ள கிட்டத்தட்ட 2 ஜி.பி. சாமானை அமுக்கி வெச்சிருந்தாரு. உபுண்டுன்னு இன்னொரு லினக்ஸ், அதோட சி.டி. தபால்ல சும்மாவே வரும், 2011-ல நிறுத்திட்டாங்க. (என்கிட்ட இன்னும் ரெண்டு உறை பிரிக்காம கெடக்கு.) ஆனா நாங்க அதை வெச்சு செத்த விண்டோஸ்ல இருந்து கல்யாண போட்டோவை மீட்டோம். ஆஸ்பத்திரி கட்டில்லயே நீ குடித்தனம் பண்றியேப்பா. சரி, பிரிண்டரையும் தமிழ்99 கீபோர்டையும் தினமும் புதுசாவா செட் பண்ற?

வியாசைப் பையன்:
அதான் தலைவலி, தல. பப்பி அந்த சி.டி.லயே மல்டிசெஷனா, அதாவது முன்ன எழுதினதுக்குப் பின்னாடியே சேத்து சேத்து, சேவ் பண்ணும்னு படிச்சேன். அதைப் பண்ணிடலாம்னு…

காசிமேடு கணினி:
சேவ் பண்ண ஆரம்பிச்சா நீ சொன்ன சுத்தம் எங்க போச்சு? முந்தாநாள் குப்பையும் கூடவே பூட் ஆகும்.

வியாசைப் பையன்:
இது நியாயம். அப்போ பப்பியிலயே ரீமாஸ்டர் இருக்கே, அதுல புது ப்ரௌசர், பிரிண்டர், தமிழ்99 எல்லாம் சேத்து மாசாமாசம் புது சி.டி. போட்டுக்கறேன். இன்ஸ்டால் மட்டும் மாட்டேன்.

காசிமேடு கணினி:
மாசாமாசம் பண்ணா என் வாயை மூடிக்கிறேன். டிரைவ் லென்ஸெல்லாம் ஒழுங்கா படிக்குதா?

வியாசைப் பையன்:
மூணு படிக்குது. நாலாவதை ரெண்டு தட்டு தட்டணும்.